கல்லின் முதல் வரி

அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில், சாப்பாட்டுப் பந்தல் பொறுப்பாளருக்கு ஒரு வரி மேலே, டெபோராவின் பெயர் இருந்தது. "முதலுதவி மேசை: சிஸ்டர் டெபோரா." அவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் அறுபத்து நான்கு பெயர்கள். கிருபாபுரத்திலும் சுற்றியிருக்கும் ஐந்து ஊர்களிலும் பிறந்து ராணுவத்தில் இருந்தவர்கள். அந்தப் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நட்டு, ஜனவரி இருபத்தாறாம் தேதி திறக்கப்போகிறார்கள். அதற்குத்தான் அழைப்பு.

டெபோரா எலியேசர் முப்பத்து மூன்று வருடம் ராணுவ மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். ஓய்வு பெறும்போது லெப்டினன்ட் கர்னல். முதல் பக்கத்து அறுபத்து நான்கு பேரில் ஒருவர்கூட அந்தப் பதவிக்குப் பக்கத்தில் வந்ததில்லை.

அச்சடித்தவர்கள் அவரை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அதுதான் மோசம். நினைத்துச் செய்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். நர்ஸ் என்றால் பஞ்சு, டிஞ்சர், மேசை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்காமலே அடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடியரசு தினத்தன்று கொடி ஏறியதும், முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் எல்லாப் பெயர்களையும் பதவி வரிசைப்படி உரக்க வாசிப்பார். உயிரோடு இருப்பவர் "இருக்கேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். இறந்தவருக்கு அவர் வீட்டு ஆள் யாராவது எழுந்து "இருக்காக" என்று சொல்ல வேண்டும். செத்து நாற்பது வருடம் ஆனவரும் அன்றைக்கு ஒரு நொடி இருப்பார். ஓய்வு பெற்று வந்தபின் ஆறு குடியரசு தினங்கள் டெபோரா முதலுதவி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்டார். வாய் திறக்கவில்லை. கல் என்றதும் திறந்தார்.

"காயிதத்துல விட்டுப்போச்சுன்னா அடுத்த வருசம் சேத்துக்கிடலாம். கல்லுல விட்டா விட்டதுதான்," என்றார் என்னிடம். அவர் வீடு எனக்கு எதிர்வீடு. தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் கையெழுத்து வாங்கித் திரிந்தவன் நான். நோட்டை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் அறை கூட்டுறவு வங்கி மாடியில் இருக்கிறது. தலைவர் ஆனரரி கேப்டன் ஞானசிகாமணி. எழுபத்திரண்டு வயது. வெறும் சிப்பாயாகச் சேர்ந்து இருபத்தெட்டு வருடம் எல்லையிலும் பனியிலும் நின்றவர். இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. மழை வருவதை வானொலிக்கு முன்னால் அது சொல்லிவிடும். லேசான ஆள் இல்லை. எதிரே செயலாளர் காஜா முகைதீன் ரப்பர் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். மருந்துப் பெட்டி பழசாயிட்டுன்னு சொன்னியளாம்லா? புதுசு வாங்கியாச்சு," என்றார் தலைவர்.

"பெட்டி கெடக்கட்டும் அண்ணாச்சி. எம் பேரு எங்க?"

"போட்டிருக்கோம்லா. கடைசிப் பக்கத்துல."

"மொதப் பக்கத்துல கேக்கேன்."

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். "அது படைவீரன் பேரு."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சேவை செஞ்சவுக. அதை யாரு இல்லன்னா? ஆனா சண்டையில நின்னவன் வேற, ஆஸ்பத்திரியில நின்னவுக வேற. கல்லு சண்டையில நின்னவனுக்கு."

டெபோரா மெல்லத் திரும்பினார். "காஜா, நீங்க எங்கன நின்னிய?"

"நானா மேடம்? ஜபல்பூர் டிப்போ. பதினேழு வருசம் பூட்ஸ் எண்ணுனேன்." காஜா முகைதீன் முத்திரையைக் கீழே வைத்தார். "ஒருவாட்டி பெட்டி சரிஞ்சு கால்ல விழுந்துச்சு. நான் கண்ட சண்டை அதான்."

"பேரு இருக்கா?"

"இருக்கு. இருவத்திமூணாவது."

"ஏலே காஜா, வாயை மூடு," என்றார் தலைவர். பிறகு குரலை இறக்கினார். "இங்க பாருங்க. சங்கத்துக்கு ஒரு விதி இருக்கு. புதுப் பேரு சேக்கணும்னா, கூட இருந்து பாத்த ராணுவத்தான் ஒருத்தன் கையெழுத்துப் போடணும். 'இவுக இன்ன எடத்துல வேலை பாத்ததைக் கண்ணால கண்டேன்'னு. எனக்கும் அதான், இவனுக்கும் அதான்."

விதி பொய் இல்லை. பட்டாளத்தின் வாசலையே மிதிக்காத ஒருவன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பல வருடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பிடித்தபின் போட்ட விதி.

"எங்கிட்ட என்னை ஆபீசராக்கி ஜனாதிபதி பேர்ல வந்த கமிஷன் காயிதம் இருக்கு," என்றார் டெபோரா.

"அது டெல்லிக்கு. இது கிருபாபுரம்."

டெபோரா எழுந்தார். "சரி, கையெழுத்தோட வாரேன்." வாசலில் நின்று திரும்பினார். "இன்னொண்ணு அண்ணாச்சி. சிஸ்டர்னு இனி கூப்பிடாதிய. படுத்துக் கெடக்கவன் கூப்பிட்டா அது அவன் உரிமை. எந்திரிச்சு நடமாடுதவன் மேடம்னுதான் சொல்லணும். உங்களுக்குத் தெரியாததா?"

படியில் இறங்கும்போதே நான் கேட்டேன், யாரிடம் போகலாம், பெயரைச் சொல்லுங்கள் என்று. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர். நம் ஜில்லாக்காரர்கள் மட்டும் ஐம்பது பேராவது இருப்பார்கள்.

"இருக்காங்க. சொல்ல மாட்டேன்," என்றார்.

"ஏன்?"

"எங் கையில துணியில்லாமக் கெடந்தவன் அவன். அவன் மூத்திரத்தை அளந்து எழுதினவ நான். இன்னைக்கு அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு, உன்னைக் காப்பாத்தினேன், கையெழுத்துப் போடுன்னு கேக்கணுமா? செத்தாலும் மாட்டேன்."

"அப்புறம் எப்படிக் கையெழுத்து வரும்?"

"தெரியாது. ஆனா பேரு வேணும். எனக்கு ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒழைச்சேன், வேணும்."

கடைசிப் படியில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்.

இவருடைய தகப்பனார் எலியேசர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகளையும் வாத்தியாராக்க நினைத்தார். மகள் பேப்பரில் வந்த ஓர் அறிவிப்பைக் கத்தரித்து, ஒருவருக்கும் சொல்லாமல் தேர்வு எழுதி, புனேக்கு ரயில் ஏறும் வாரத்தில்தான் வீட்டில் சொன்னார். பட்டாளத்துக்குப் பெண்பிள்ளையா என்று தாயார் இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே பெட்டி கட்டினார். நான்கு வருடம் படிப்பு. இருபத்திரண்டு வயதில் தோளில் நட்சத்திரம். அதற்குப் பிறகு வடக்கே எங்கெங்கோ. கார்கில் சண்டை நடந்த கோடையில் ஸ்ரீநகரில் இருந்தார். அந்தக் கோடையைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "படுக்கை பத்தல." கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ். படுத்திருப்பவன் வாயில் குழாய். அவனுக்காக மெஷின் மூச்சு விடும். மயக்க மருந்தில் கிடப்பான். கண் இமைக்க மாட்டான், ஆகவே கண் காய்ந்துவிடாமல் சொட்டு மருந்து விட வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகும். சளியை உறிஞ்ச வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், நாடியையும் அழுத்தத்தையும் மணிக்கு மணி எழுத வேண்டும். வேலை நேரம் முடிந்தாலும் அப்படியே கிளம்பிவிட முடியாது. அடுத்தவள் வந்து படுக்கைப் பக்கத்தில் நிற்க, உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லாவற்றையும் சொல்லி, "எடுத்துக்கிட்டேன்" என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். அந்த ஒரு சொல் வராமல் மூன்று மணி நேரம் கூடுதலாக நின்ற நாட்கள் அவருக்கு உண்டு.

இத்தனையும் யாருக்குச் செய்கிறார்களோ அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண் விழிக்கிற நிலை வந்ததும் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அவன் பார்க்கிற முதல் டாக்டர் அவனுக்குத் தெய்வம். வீட்டுக்குப் போகும்போது மிட்டாய்ப் பெட்டி வார்டுக்குத்தான் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு யாரும் மிட்டாய் கொண்டு வருவதில்லை. கண்ணால் கண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறது கிருபாபுரத்து விதி. கண் மூடிக் கிடந்தவர்களை மட்டுமே பார்த்துக்கொண்ட ஒருத்தி எங்கே போவாள்?

காஜா முகைதீன்தான் வழி பிடித்தார். வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் துழாவிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "களக்காட்டுல முத்துமாலைன்னு ஒருத்தன். டிரைவரா இருந்தவன். ரெண்டாயிரத்தாறுல வண்டியோட பள்ளத்துல உருண்டு, மேடம் இருந்த அதே ஆஸ்பத்திரியில பத்தொன்பது நாளு கெடந்திருக்கான். மேடம் பேரு சொல்லல, நாமளாக் கண்டுபிடிச்சோம். நாமளாப் போனா தப்பில்லல்லா?"

தப்பில்லை என்று முடிவு செய்து, டெபோராவிடம் சொல்லாமல் போனோம்.

முத்துமாலை வாழைத் தோப்பில் இருந்தார். நாற்பத்தாறு வயது, திடமான ஆள், தலையில் ஒரு பக்கம் முடி முளைக்காத நீளத் தழும்பு. அவர் மனைவி ஆவுடைத்தாய் வரப்பில் உட்கார்ந்து இலைக்கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். முத்துமாலை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி. வண்டி சரிஞ்சது தெரியும். அப்புறம் வார்டுல ஒரு சர்தார் டாக்டர் மொகம் தெரியும். நடுவுல ஒண்ணுமே இல்ல. கரண்டு போன மாதிரி."

"எனக்குக் கரண்டு போகல," என்றார் ஆவுடைத்தாய். நாரைக் கிழிப்பதை அவர் நிறுத்தவில்லை. "டெபோரா அக்காதான? குட்டையா, கண்ணாடி போட்டு? நம்ம பேச்சு பேசுவாகல்லா?"

முத்துமாலை திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"பத்தொன்பது நாளு நான் எங்க இருந்தேன்னு நெனைச்சீரு? சினிமாவுக்கா போனேன்?"

அப்போது ஆவுடைத்தாய்க்கு இருபத்திரண்டு வயது. தந்தி மாதிரி ஒரு போன் வந்தது, ரயிலேறிவிட்டார். மூன்று நாள் பயணம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லோரையும் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"முகமூடி போட்ட ஒரு அம்மா வந்தாக. 'நீ ஆவுடைத்தாய்தான? காயிதத்துல பேரு பாத்தேன். நான் பாளையங்கோட்டைப் பக்கம். அழுதா உள்ள விட மாட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா'ன்னாக. நான் அழுகையை எங்க வச்சேன்னே தெரியல, கழுவிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"தெனமும் பத்து நிமிசம் விடுவாக. நான் போகும்போதெல்லாம் அவுக இவரு காதுல பேசிக்கிட்டு இருப்பாக. 'முத்துமாலை, இன்னைக்கு வியாழக்கெழமை. வெளிய பனி கொட்டுது. ஆவுடைத்தாய் வந்திருக்கா, நல்லா இருக்கா. நான் டெபோரா.' தெனமும் இதே பாட்டு. அக்கா, இவருக்குக் கேக்குமான்னு கேட்டேன். 'கேட்டாலும் கேக்கலன்னாலும் சொல்லணும்'னாக." ஆவுடைத்தாய் நார்க்கட்டைத் தள்ளி வைத்தார். "எட்டாம் நாளு மெஷினு நின்னு போச்சு. என்னை வெளிய தள்ளிட்டாக. கண்ணாடி வழியாப் பாத்தேன். ஒரு ரப்பர் பையைக் குழாயில மாட்டி, கையால அமுக்கி அமுக்கி மூச்சுக் குடுத்தாக. வேற மெஷினு வர முக்கா மணி நேரம். ஒரு பையன் வந்து மாத்திக்கிடுதேன்னு நின்னான், அவுக குடுக்கல. வாயி எண்ணிக்கிட்டே இருந்துச்சு. நானும் வெளிய நின்னு கூடவே எண்ணுனேன்."

முத்துமாலை வரப்பில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே," என்றார் முத்துமாலை.

"நீரு கேட்டீரா? பதினெட்டு வருசமா அந்த டாக்டர் பெருமைதான பேசுதீரு. மூத்த பயலுக்கு அவரு பேரை வைக்கணும்னு மல்லுக்கு நின்னீரு. களக்காட்டுல குர்பிரீத்துன்னு எவன் கூப்பிடுவான்?"

காஜா முகைதீன் சிரித்தே விட்டார். முத்துமாலை சிரிக்கவில்லை. நேர்மையான மனிதர், நேர்மை தடுத்தது. "நீ கண்டே. நான் காணலியே. விதியில நான் கண்டிருக்கணும்லா?"

"விதி போட்டவரு எங்க இருக்காரு?" என்றார் ஆவுடைத்தாய். "நானே வாரேன்."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, பள்ளிக்கூடத்து ஹாலில் சங்கத்தின் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். டெபோரா நடுவில் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். களக்காட்டுத் தம்பதி உள்ளே வந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. ஆவுடைத்தாய் நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு டெபோரா குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குளிருக்கு அவருக்கு அந்த எடது விலா இன்னும் வலிக்கா?"

"மார்கழியில வலிக்கு அக்கா."

டெபோரா தலையசைத்தார். குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆவுடைத்தாய் எழுந்து, தோப்பில் சொன்னதை அப்படியே கூட்டத்தில் சொன்னார். ஞானசிகாமணி கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்தார்.

"நல்லது தாயி. நீ சொன்னதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா விதிப்படி ஒரு ராணுவத்தான் கண்டிருக்கணும். நீ கண்டது சங்கத்துல செல்லாது."

"ஏன் ஐயா, கண்ணு முழிச்சுப் பாக்குத நெலமையில இருக்க ராணுவத்தானுக்கு அந்த ரூமுக்குள்ள என்ன சோலி?" என்றார் ஆவுடைத்தாய். "பாக்க முடியாதவனைத்தான அங்கன கொண்டு போடுதாக?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தலைவர் மேசையைத் தட்டினார். அப்போது முத்துமாலை எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கேப்டன் ஐயா. பேனா குடுங்க. 'நான் காணல. காணுத நெலமையில நான் இல்ல. ஆனா இந்தா நிக்கேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடுதேன். இது பொய் இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

காஜா முகைதீன் கேட்காமலே பேனாவை நீட்டினார். முத்துமாலை அந்த மூன்று வரிகளையும் நின்றபடியே எழுதினார். காஜா அதைச் சத்தமாக வாசித்து, ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். முப்பத்தொரு கைகள்.

வெற்றி என்று நினைத்தேன். நான்தான் அவசரப்பட்டேன்.

"சரி, சேத்தாச்சு," என்றார் ஞானசிகாமணி. "கல்லுல அறுவத்தி நாலு பேரு வெட்டியாச்சு. அடியில நாலு விரக்கடை எடம் கெடக்கு. அறுவத்தி அஞ்சாவதாப் போட்டுருவோம். எல்லாருக்கும் சந்தோசம்தான?"

"இல்ல," என்றார் டெபோரா. அன்று கூட்டத்தில் அவர் பேசிய முதல் சொல் அது. "வரிசைப்படி போடுங்க."

"என்ன வரிசை?"

"உங்க வரிசைதான். பதவி வரிசை. கல்லுல அப்படித்தான வெட்டியிருக்கு? மொத வரியில ஆனரரி கேப்டன். நான் லெப்டினன்ட் கர்னல். எனக்கு எடம் எங்கன வரும்னு நீங்களே சொல்லுங்க."

முதல் வரி ஞானசிகாமணியின் பெயர். ஹாலில் எல்லோருக்கும் அது தெரியும். ஆறு வருடமும் பட்டியலில் டெபோரா வராததற்கு உண்மையான காரணம் அப்போதுதான் பாதிப்பேருக்குப் புரிந்தது. தலைவருக்கே அப்போதுதான் புரிந்திருக்கலாம்.

"கடைசியில போட்டா என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார் அவர்.

"அண்ணாச்சி, லெப்டினன்ட் கர்னலைச் சிப்பாய்க்குக் கீழ போட்டா அது ராணுவக் கல்லா, ரேஷன் கடைக் கியூவா?" என்றார் காஜா முகைதீன்.

"ஏலே, நீ யாரு பக்கம்?"

"நான் இருவத்திமூணாவது அண்ணாச்சி. இப்ப இருவத்திநாலாவது ஆவேன். எனக்கென்ன நட்டம்?"

சிரிப்பு அடங்கும் வரை ஞானசிகாமணி தலை குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது குரல் வேறாக இருந்தது. "சிரிங்க. நான் பதினெட்டு வயசுல சிப்பாயாச் சேந்தேன். ஒவ்வொரு பட்டையும் பனியில நின்னு வாங்குனது. ஆனரரி கேப்டன் ஆகுததுக்கு இருவத்தெட்டு வருசம் ஆச்சு. இவுக சேரும்போதே ஆபீசர். தோள்ல நட்சத்திரத்தோட வந்தாக. அவுகளை எந் தலைக்கு மேல வைக்கணுமா?"

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். கீழிருந்து ஏறியவனின் கோபம் எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருந்தது. டெபோரா பதில் சொன்னார். எழுந்து நின்று சொன்னார்.

"அது நெசம் அண்ணாச்சி. உங்க ஏணி கஷ்டமான ஏணி. அதை நான் போடல. பள்ளத்துல கெடந்த சிப்பாயும் சரி, பிரிகேடியரும் சரி, எங்கிட்ட வரும்போது ரெண்டு பேருக்கும் ஒரே குழாயிதான். அங்கன நான் பதவி பாத்ததே இல்ல. ஆனா இந்தக் கல்லுல பதவி பாக்குதது நீங்க. பாக்க வேண்டாம்னா அழிச்சிட்டு அகர வரிசையில வெட்டுங்க, எங்கன வந்தாலும் பேசாம இருக்கேன். பாக்கணும்னா முழுசாப் பாருங்க. உங்க பட்டையைக் கொறைக்கச் சொல்லல. எம் பட்டையைக் கொறைக்காதிய."

ஞானசிகாமணி நெடுநேரம் கூரையைப் பார்த்தார். வெட்டிய கல்லை அழிப்பது ஆகிற காரியமில்லை. பதவி வரிசையே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கும் வராது. அந்தப் பட்டையை அப்படி வாங்கியவர்.

"நமச்சிவாயத்துட்ட கேளுங்க," என்றார் கடைசியில். "மேல எடம் இருக்கான்னு."

நமச்சிவாயம் கல் கொத்துபவர். பாளையங்கோட்டைச் சாலையில் அவர் பட்டறையில் கல் சாய்த்து வைத்திருந்தது. மறுநாள் நானும் காஜாவும் போனோம். முதல் வரிக்கு மேலே ஒரு சாண் இடம் இருந்தது. குறுக்காக இரண்டு வாள் வெட்டுவதற்காக விட்டு வைத்த இடம்.

"வாளைப் பீடத்துல வெட்டிக்கிடலாம்," என்றார் நமச்சிவாயம், எழுத்தை விரலால் அளந்துகொண்டே. "பேரைப் பீடத்துல வெட்ட முடியாது. கால் படும்லா." பிறகு என்னைப் பார்த்தார். "புது வெட்டு வெள்ளையாத் தெரியும். மத்த வரியெல்லாம் மை பூசியாச்சு. இதுலயும் பூசவா?"

போன் போட்டு டெபோராவைக் கேட்டேன்.

"வேண்டாம். தெரியட்டும்," என்றார்.

ஜனவரி இருபத்தாறு காலை, பேருந்து நிறுத்தத்தில் இருநூறு பேர். அழைப்பிதழை மாற்றி அடிக்க நேரமில்லை. ஆகவே முதலுதவி மேசைக்குப் பொறுப்பு இன்னமும் சிஸ்டர் டெபோராதான். ஏழு மணிக்கே வந்து மேசை போட்டார். அவமானமாகக் கொடுத்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷி. வெள்ளைச் சேலை, இடது மார்பில் பதக்கங்கள். பதக்கங்களோடு பஞ்சை வெட்டி அடுக்கினார். எட்டரைக்கு ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஃபெமினா வந்தார்.

"பஞ்சு இடது பக்கம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கி வச்சாச்சு, ரெண்டு லிட்டர். ரெண்டாவது வரிசையில நீலச் சட்டை போட்ட பெரியவருக்குச் சர்க்கரை நோய் இருக்கு, சாப்பிடாம வந்திருக்காரு, அவரு மேல ஒரு கண்ணு வை. மேசை உன்கிட்ட."

ஃபெமினா சிரித்துக்கொண்டே நின்றார். டெபோரா நகரவில்லை.

"சொல்லு."

"என்ன சொல்லணும் மேடம்?"

"எடுத்துக்கிட்டேன்னு சொல்லு. நீ சொல்லாம எப்படிப் போவேன்?"

"எடுத்துக்கிட்டேன் மேடம்."

அதன் பிறகுதான் மேசையை விட்டு வெளியே வந்து, கூட்டத்தின் நடுவே நடந்து, படைவீரர் வரிசையின் வலது ஓரத்தில் போய் நின்றார். பதவியில் மூத்தவர் நிற்கிற இடம். பக்கத்தில் நின்றவர் ஓர் அடி தள்ளிக்கொண்டார்.

ஞானசிகாமணி கொடிக் கயிற்றைக் கையில் பிடித்து நின்றார். டெபோராவைப் பார்த்தார். விறைப்பாக மூன்று எட்டு எடுத்து வந்தார். இரும்புத் துண்டு கிடக்கும் காலோடு அந்த நடை வந்தது எப்படி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"மேடம்," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மேடம்தான். ஆனாலும் மேடம். "முறைப்படி நீங்கதான் ஏத்தணும்."

"நீங்க கட்டி வளத்த சங்கம் அண்ணாச்சி. கொடியை நீங்களே ஏத்துங்க. எனக்கு வேண்டியது வேற."

கொடி ஏறியது. கல்லின் மேலிருந்த துணியை இழுத்தார்கள். கறுத்த அறுபத்து நான்கு வரிகளுக்கு மேலே ஒரு வரி மட்டும் பச்சைக் காயம் மாதிரி வெளுத்து நின்றது. ஆவுடைத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

இனிப் பெயர் வாசிப்பு. இத்தனை வருடமும் காகிதத்தைப் பார்த்து வாசித்தவர், கல்லைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"லெப்டினன்ட் கர்னல் டெபோரா எலியேசர்."

"இருக்கேன்!"

மயக்கத்தில் கிடப்பவர்களின் காதோரம் முப்பத்து மூன்று வருடம் தாழ்ந்தே பேசிய குரல். அன்றைக்கு அது பாளையங்கால்வாய்க்கு அந்தப் பக்கம் வயலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஞானசிகாமணி அடுத்த வரிக்குப் போனார். அது அவருடைய பெயர். தானே கூப்பிட்டு, தானே பதில் சொன்னார்.